கடினமான பேஸ் வரியைக் காதால் பிடிப்பது எப்படி

பேஸ் வரி என்றால் ஒரு பாட்டில் பேஸ் கிட்டார் வாசிக்கும் பகுதி. அதைக் கேட்டே பிடிக்க, முதலில் போன் ஸ்பீக்கரை ஓரம் கட்டுங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பியை அப்படியே மீட்டினால் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிரும், அவ்வளவு கீழே அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இறங்க முடியாது. ஓர் இளையராஜா பாட்டை நான் மாதக்கணக்கில் போனிலேயே கேட்டு வாசித்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் பின்சீட்டு ஸ்பீக்கர் அதே பாட்டைத் தடதடவென அடித்தபோதுதான் பாதி நோட்டை (ஸ்வரத்தை) விட்டிருந்தது தெரிந்தது. நல்ல ஹெட்போன் போதும்.

அடுத்தது சுருதி. ஈ, ஏ, டி, ஜி நான்கையும் உட்காரும்போதெல்லாம் டியூனரில் பாருங்கள். வேலூர் வெயிலில் மொட்டைமாடி அறைக் கிட்டார் காலையில் சேர்த்த சுருதியில் மாலைவரை நிற்காது. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பாட்டு என்றால் டேப் வேகத்தால் மொத்தப் பாட்டுமே இரண்டு ஃப்ரெட்டுக்கு (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கட்டைகள்) நடுவில் மாட்டியிருக்கலாம். காதைச் சந்தேகப்படாமல் கிட்டாரைப் பாட்டுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு பாரின் (தாளத்தின் ஒரு சுற்று) முதல் அடியில் விழும் நோட்டை மட்டும் பிடியுங்கள். பெரும்பாலும் அது கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின்) ரூட்தான், அதாவது அடிப்படை ஸ்வரம். தாளில் எழுதிவையுங்கள்.

சரி, இப்போது கஷ்டமான இடம். இரண்டே பார் எடுத்து யூடியூப்பில் வேகத்தை 0.5 ஆக்குங்கள், சுருதி மாறாது. கிட்டாரைத் தொடாமல் அதை வாயால் பாடுங்கள். பாட வரவில்லை என்றால் காது இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம், விரலை மேயவிட்டுத் தேடுவதில் பயனில்லை. பாட வந்ததும் கடைசி நோட்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். வேகமான ஓட்டம் பொதுவாக அடுத்த கார்டின் ரூட்டில் போய் இறங்கும், அதைத்தான் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறீர்களே! அதற்கு முந்தைய நோட்டு பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ ஃப்ரெட் மேலே அல்லது கீழே இருக்கும், இல்லையென்றால் ஐந்தாவது ஸ்வரத்தைப் பாருங்கள், அதாவது ரூட்டுக்கு அடுத்த மெல்லிய கம்பியில் இரண்டு ஃப்ரெட் மேலே. 'தக்' என்று மட்டும் கேட்டு ஸ்வரமே பிடிபடவில்லையா? அது இடதுகையால் கம்பியை அமுக்காமல் தொட்டுக்கொண்டே வாசித்தது, அதற்கு ஃப்ரெட் தேடாதீர்கள்.

நோட்டெல்லாம் சரி, ஆனால் கை அங்குமிங்கும் தாவுகிறதா? இடத்தை மாற்றிப் பாருங்கள். ஈ கம்பியின் 5-வது ஃப்ரெட்டும் ஏ கம்பியின் திறந்த நோட்டும் ஒன்றே, சில நேரம் ஒரு கம்பி மாற்றினாலே விரல் தானாகப் போய் உட்காரும்.

வேகத்தை 0.75, பிறகு முழு வேகம் என்று ஏற்றுங்கள்.

சரியாகப் பிடித்தோமா என்று சந்தேகம் வந்தால், அந்த நோட்டைப் பாட்டோடு சேர்த்து நீட்டி வாசியுங்கள். சரியென்றால் உங்கள் சத்தம் பாட்டுக்குள் கரைந்து காணாமல் போகும். கொஞ்சம் விலகியிருந்தால் 'வூவ்... வூவ்...' என்று அலையும், அப்போது மறுபடி டியூனரை எடுக்க வேண்டியதுதான்.