ரகசிய விதியைக் காட்டி செட்டில்மென்ட் பணத்தை நிறுத்தினால்

பெங்களூரில் வேலையை விட்டபோது பேசி முடித்த செட்டில்மென்டில் இரண்டாவது தவணை வரவில்லை, கேட்டால் ‘நீங்கள் வெளியே சொல்லிவிட்டீர்கள்’ என்கிறார்களா? பதறிப்போய் போனில் விளக்கம் கொடுக்காதீர்கள். முதலில் ஒப்பந்தத்தில் உள்ள ரகசிய விதியை, அதாவது செட்டில்மென்ட் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை, வரிவரியாகப் படியுங்கள்: வீட்டில், வக்கீலிடம், ஆடிட்டரிடம் சொல்ல விலக்கு உண்டா, மீறினால் பணத்தை நிறுத்தலாம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அப்புறம் யாரிடம், என்றைக்கு, என்ன சொன்னேன் என்று மெயிலில் கேளுங்கள். வாட்ஸ்அப் அரட்டை எதையும் அழிக்க வேண்டாம். அபராதத் தொகை போட்டிருந்தாலும் பயப்படாதீர்கள், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி அது உச்சவரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடே கம்பெனிக்குக் கிடைக்கும். சரி, பதில் வரவில்லையா? வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கோர்ட்டில் பதிவான சமரசத் தீர்ப்பு என்றால் நேரே நிறைவேற்று மனு (தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கும் மனு) போடலாம், வெறும் ஒப்பந்தம் என்றால் பணம் தவறிய நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்கு.