பீடி, குடி, பட்டினி, தூக்கமின்மை: முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்த்து அவிழ்ப்பது எப்படி

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கலாம். அப்பா, மாமா, அண்ணன், யாராகவும் இருக்கட்டும். பீடி உண்டு, குவார்ட்டர் உண்டு, காலையில் சாப்பிடுவதில்லை, ராத்திரி பரோட்டா, தூக்கம் நாலைந்து மணி நேரம், சர்க்கரை வந்தாயிற்று, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. டாக்டர் சொல்லியாயிற்று, அத்தை அழுதாயிற்று, பிள்ளைகள் பேசாமல் இருந்து பார்த்தாயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. இதைப் படிக்க வேண்டியவர் அவர் இல்லை, அவருக்கு உதவ நினைக்கிற நீங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இவை ஐந்தாறு தனித்தனி கெட்ட பழக்கங்கள் இல்லை. ஒன்றோடொன்று முடிந்துகிடப்பவை. ஒன்றை மட்டும் பிடித்து இழுத்தால் மற்றவை இன்னும் இறுகும்.

என் மாமா கோயம்பேட்டில் லோடுமேன். ராத்திரி லாரி வரத் தொடங்கினால் விடியும்வரை மூட்டை. வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுக் குனிந்து மூட்டை தூக்க முடியாது, அதனால் லாரிக்கும் லாரிக்கும் நடுவில் டீயும் பீடியும்தான், அது பசியை அடக்கிவிடும். காலை 7 மணிக்கு வேலை முடியும்போது உடம்பெல்லாம் வலி, கையில் அன்றைய கூலி. வீட்டுக்கு வந்தால் தகரக் கூரை, 9 மணிக்கே அனல், தெருவில் சத்தம், தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுத்துவிட்டு 12 மணிக்குக் கடை திறந்ததும் போய் ஒரு குவார்ட்டர், தொட்டுக்கொள்ள ஊறுகாய். அது வலியைக் குறைக்கும், மூன்று மணி நேரம் அடித்துப்போட்டது போலத் தூங்க வைக்கும். எழுந்தால் நெஞ்செரிச்சல், தலை பாரம். பிறகு எட்டு மணிக்குப் பரோட்டா சால்னா, மறுபடியும் மார்க்கெட்.

குடியை நிறுத்து என்று நாங்கள் நெருக்கிய வாரம் அவர் தூங்கவே இல்லை, பீடி இரண்டு கட்டாகிவிட்டது. பீடியை விட்ட வாரம் பசியும் எரிச்சலும் தாங்காமல் அதிகமாகக் குடித்தார். அவருக்கு மனஉறுதி இல்லை என்று நாங்கள் முடிவு கட்டினோம். அது தப்பு. அறுபது கிலோ மூட்டையை ராத்திரி முழுக்கச் சுமக்கிற மனிதரைப் பார்த்து உறுதி இல்லாதவர் என்று சொல்ல எங்களுக்கு எப்படி வாய் வந்தது என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இது எங்கள் மாமா கதை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கிங்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பு 2012-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. புகை, அளவுக்கு மீறிய குடி, காய்கனி குறைவான சாப்பாடு, உடலுழைப்பு இல்லாமை, இந்த நான்கும் ஒரே ஆளிடம் எந்த அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். 2003-க்கும் 2008-க்கும் நடுவில் மொத்தத்தில் நிலைமை மேம்பட்டிருந்தது. ஆனால் படிப்புத் தகுதி எதுவும் இல்லாதவர்களிடம் நான்கும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு, உயர்கல்வி படித்தவர்களைப் போல 2003-ல் மூன்று மடங்கு, 2008-ல் ஐந்து மடங்குக்கு மேல். வசதியும் படிப்பும் இருந்தவர்கள் மாறிக்கொண்டார்கள், கீழே இருந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நம் ஊரில் உழைப்பாளிக்கு உடலுழைப்பு மிச்சமாகவே இருக்கிறது, அவருக்கு இல்லாதது ஓய்வு. அதனால் முடிச்சில் இருக்கும் இழைகள் வேறு, முடிச்சு இருப்பது அதே இடத்தில்தான்.

சரி, என்ன செய்வது?

முதலில் ஒரு வாரம் கடிகாரத்தை எழுதுங்கள்

பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். பழக்கங்களை எழுதாதீர்கள், நேரத்தை எழுதுங்கள். எப்போது எழுந்தார், எப்போது வயிற்றில் ஏதாவது விழுந்தது, எப்போது கையில் காசு வந்தது, எங்கே வலி, எப்போது படுத்தார், உண்மையில் எப்போது தூங்கினார். பீடியும் குடியும் அந்தக் கணக்கில் தானாக வந்து உட்காரும். பிள்ளைகள் எதிரில் கேட்காதீர்கள், குடித்திருக்கும்போது கேட்கவே கேட்காதீர்கள். "எத்தனை பீடி குடிச்சீங்க மாமா?" என்று கேட்டால் பொய்தான் வரும். "ராத்திரி எத்தனை லாரி வந்துச்சு, நடுவுல உட்கார நேரம் கிடைச்சுதா?" என்று கேட்டால் மனிதர் வாய் திறந்து பேசுவார், பீடிக் கணக்கும் அதிலேயே வந்துவிடும்.

வாரக் கடைசியில் நோட்டைப் பாருங்கள். எந்த நேரத்திலிருந்து இரண்டு மூன்று பழக்கங்கள் கிளம்புகின்றன என்று தேடுங்கள். எங்கள் மாமாவுக்கு அது காலை 8-லிருந்து 12 வரை. வெறும் வயிறு, வலி, தூங்க இடமில்லை, பையில் காசு, நான்கும் அந்த நேரத்தில்தான் கூடின. ஆட்டோ ஓட்டுபவருக்கு அது மதியச் சவாரி இல்லாத நேரமாக இருக்கலாம், கட்டட வேலைக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை சாயந்திரம் கூலி வாங்கும் நேரமாக இருக்கலாம்.

எப்போது தொடங்குவது

இதை யாரும் யோசிப்பதில்லை. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வந்தது. அறுவடைக்கு முன், கையில் காசு இல்லாத நாட்களில் ஒரு தடவையும், அறுவடைப் பணம் வந்த பிறகு ஒரு தடவையும் அதே ஆட்களுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். பணமுடை நேரத்தில் அதே மனிதர்கள் தெளிவாகக் குறைவாகச் செய்தார்கள். பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, மற்றதற்கு மிச்சமில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். ஆகவே ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்டும் வாரத்திலோ தண்டல்காரர் வாசலில் நிற்கும் நாட்களிலோ "இன்றோடு பீடியை விடு" என்று தொடங்காதீர்கள். வேலை ஓரளவு ஓடுகிற, கடன் தவணை கட்டி முடித்த வாரமாகப் பாருங்கள்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை

தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், இவர்களை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென்று நிறுத்த வைக்கக் கூடாது. நடுக்கம், வியர்வை, வாந்தியில் தொடங்கி முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்கு மருந்து கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று, சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டு அதன் மேல் குடித்தால் சில மாத்திரைகளால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். போதையில் கிடக்கிறார் என்று எல்லாரும் தாண்டிப் போய்விடுவார்கள். இரவு வேலை செய்பவர் மாத்திரையை எந்த நேரத்தில் போட வேண்டும் என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள், "காலை, இரவு" என்று சீட்டில் எழுதியிருப்பது பகலில் தூங்குகிறவருக்குப் பொருந்தாமல் போகலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவர் தூங்கும் நேரத்தில் வந்தால் வாங்கி வைக்க ஓர் ஆளைச் சொல்லி வையுங்கள்.

முதலில் சோறு, தூக்கம்

என் அனுபவத்தில் பீடியிலோ குடியிலோ நேராகக் கைவைக்காமல் சோற்றிலும் தூக்கத்திலும் தொடங்குவதுதான் நடக்கிறது. மாமாவிடம் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: வேலை முடிந்ததும் வீட்டுக்கு வரும் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு அம்மா உணவகம் கைகொடுக்கும். வெளியூர் என்றால் ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்து, காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துக் கொடுத்தாலே போதும். வயிறு நிறைந்தால் பாதி எரிச்சல் போய்விடும்.

தூக்கம்தான் கஷ்டம். சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2021-ல் வெளிவந்தது. எட்டு மணி நேரம் படுக்கையில் இருந்தும் சராசரியாக ஐந்தரை மணி நேரம்தான் உண்மையில் தூங்கினார்கள். அடிக்கடி விழிப்பு. இரவுத் தூக்கத்தை அரை மணி நேரம் போலக் கூட்டிக் கொடுத்ததில் குறிப்பிடும்படி பலன் இல்லை. ஆனால் வேலையிடத்தில் மதியம் அமைதியான இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தவர்களுக்கு வேலைத்திறனும் மனநிலையும் மேம்பட்டன. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த இடம் என்பது முக்கியம். மாமாவுக்கு நாங்கள் செய்தது, தெரிந்தவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் கேட்டு வாங்கினோம். கான்கிரீட் கூரை, வெயில் படாது. ஒரு பாய், ஒரு மேசை மின்விசிறி. எட்டரைக்குப் படுத்தால் 12 மணிக்குக் கடை திறக்கும்போது அவர் நல்ல தூக்கத்தில் இருப்பார். குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை, அந்த நேரம் அவருக்கு இல்லாமலே போய்விட்டது.

அப்புறம் காசு

சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் 229 தொழிலாளிகளிடம் மூன்று வாரம் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது, 2019-ல் வெளியானது. போதையில்லாமல் வந்தால் பணம் என்று ஒரு பகுதியினருக்கு வைத்தார்கள், தினமும் சேமிக்க எல்லாருக்கும் வழி செய்தார்கள். பகலில் போதை குறைந்தது, சேமிப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. குடிக்காமல் மிச்சமான காசும் கூடுதல் வருமானமும் சேர்ந்தே அதில் பாதிக்கு மேல் வரவில்லை, மீதி வந்தது தெளிந்த தலையால். எனக்கு மறக்க முடியாதது வேறு: தங்களுக்கு வரக்கூடிய பணத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தாவது இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்று பலர் கேட்டார்கள். குடிக்கிறவருக்கு விடும் ஆசையே இல்லை என்று நினைத்துப் பேசாதீர்கள். அவருக்கு ஒரு வேலி வேண்டும், அதை அவரே கேட்கும்படி விடுங்கள். கூலி வாங்கியதும் பாதியை அங்கேயே நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிடுவது, மகளிர் குழுவில் அத்தை பெயரில் கட்டுவது, முடிந்தால் வங்கிக் கணக்கில் வாங்குவது, எது அவருக்குச் சரிப்படுகிறதோ அது. பிடுங்கி வைக்காதீர்கள், பிடுங்கினால் கடன் வாங்கிக் குடிப்பார்.

பீடி கடைசியில். இரண்டு மூன்று வாரம் சோறும் தூக்கமும் ஒழுங்கான பிறகு எடுங்கள். பீடி சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது என்ற பேச்சு உண்மை இல்லை. டீயோடு வரும் பீடியை முதலில் பிரியுங்கள்: டீ மட்டும் உட்கார்ந்து, பீடி பத்து நிமிஷம் கழித்து நின்றுகொண்டு. நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கும், சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் வயிறு எரியும். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். 1800-11-2356 புகையிலை விடுவதற்கான இலவச எண்.

பெண்களுக்கு வேறு முடிச்சு

அத்தை புகைப்பதில்லை, குடிப்பதில்லை, அதனால் அவருக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். கடைசியாகச் சாப்பிடுவது, மிச்சம் மீதியை வீணாக்கக் கூடாது என்று சோறாகவே நிரப்பிக்கொள்வது, வெற்றிலையோடு புகையிலை, மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை, மாமா வரும்வரை விழித்திருப்பது. பிரஷர் இருப்பவர் வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் கெடலாம். அவருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். அவர் நோட்டில் வீட்டு ஆண்கள் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் அதிகம் இருக்கும்.

வீட்டுக்குள் முடியாதவை

1967-ல் லண்டனில் தொடங்கி சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பத்து ஆண்டுகளில் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சப் பதவிக்காரர்களைப் போல மூன்று மடங்கு இருந்தது. புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இதயநோயில் இருந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஆக, பழக்கத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். வேலையிடத்தில் மாற வேண்டியதைச் சேர்ந்து கேளுங்கள்: நிழலான ஓய்விடம், குடிநீர், கழிப்பறை, சாப்பிட ஒரு இடைவேளை. இது நடக்காத காரியம் இல்லை. நாளெல்லாம் நிற்க வைக்கப்பட்ட கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது.

நடுவில் ஒரு நாள் சறுக்கினால் சண்டை போடாமல் நோட்டை எடுங்கள், அன்று எந்த நேரம் உடைந்தது என்று பாருங்கள். எங்கள் மாமா இரண்டு தடவை முழுசாகப் பழைய நிலைக்குப் போனார், இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான், மாடிப்படிக்குக் கீழே இருந்த இடம் கிடைக்காமல் தகரக் கூரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இப்போது அந்த இடத்துக்கு மாதம் கொஞ்சம் வாடகை கொடுக்கிறோம். குடி வாரத்துக்கு ஒருநாளாகியிருக்கிறது. பீடியை விடவில்லை, ஆனால் ஒரு கட்டு மூன்று நாள் வருகிறது.