இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்தால்: செய்யக்கூடாத தவறுகள்

"கொஞ்சம் நீர்தானாம், பயப்பட ஒன்றுமில்லை" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுவது முதல் தவறு. இதயத்தை மூடியிருக்கும் உறைக்குள் எல்லோருக்குமே 15 முதல் 50 மில்லி வரை நீர் இருக்கும். இதயம் உராயாமல் துடிக்க அது வேண்டும். அளவு கூடினால் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாக என்பதைத்தான் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்லச் சேர்ந்தால் உறை விரிந்து கொடுத்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். பைக் விபத்தில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தால் 150 மில்லியே ஆளைச் சாய்த்துவிடும்.

காரணம், உறை சட்டென்று விரியாது. அழுத்தம் ஏறியதும் முதலில் அமுங்குவது மெல்லிய சுவருள்ள வலப்பக்க அறைகள். உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் உள்ளே நுழைய இடமில்லாமல் தேங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். உள்ளே வருவது குறைந்தால் வெளியே போவதும் குறையும். அதை ஈடுகட்ட இதயம் படபடவென்று அடிக்கும். அப்புறம் பிரஷர் இறங்கிவிடும். தசை நன்றாக இருந்தும் இதயம் நிரம்ப முடியாத நிலை இது.

அதனால்தான் வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்த 'நீர் போகிற மாத்திரை'யை எடுத்துக் கொடுப்பது இந்த நேரத்தில் மிக ஆபத்தானது. ரத்த நாளங்களில் இருக்கும் நீரும் வடிந்து, இதயத்துக்கு வரும் கொஞ்ச ரத்தமும் குறையும். அழுத்தும் நீரை ஊசி போட்டோ, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை செய்தோ வெளியே எடுக்க வேண்டும், அதுதான் வழி.

வர்ம வைத்தியத்துக்குப் பேர்போனது நம் கன்னியாகுமரி மாவட்டம். சுளுக்குக்கு ஆசானிடம் போங்கள், சரி. ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்தால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தோ நெஞ்சைத் தடவியோ நேரம் போக்காதீர்கள். 'ஈசிஜி நார்மல்' என்பதும் போதாது. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால்தான் நீர் தெரியும்.

நம் நாட்டில் இதற்கு முக்கியக் காரணம் காசநோய். குறைந்தது 6 மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் கடலுக்கோ ரப்பர் வெட்டுக்கோ கிளம்பி, மாத்திரையை விட்டுவிடுவது பெரிய தவறு. நோய் மறுபடி தலைதூக்கும். உறை தடித்து இறுகிவிட்டால் நீரே இல்லாமலும் இதயம் நிரம்பாது. பிறகு அறுவை சிகிச்சைதான். டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதும், தைராய்டு மாத்திரையை நிறுத்துவதும் நீர் கோர்க்கக் காரணமாகலாம்.

கடைசியாக, நம்மூரில் அடிக்கடி கேட்கும் பேச்சு: "நேரே திருவனந்தபுரம் கொண்டு போயிரலாம்." ஆள் மயங்கி, கை கால் சில்லிட்டிருக்கும்போது அந்த நெரிசலான சாலையில் கிளம்பாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, எது பக்கமோ அங்கே சேருங்கள். முதலில் நீரை எடுத்து பிரஷர் நிலைக்கட்டும், மேல் சிகிச்சைக்குப் பிறகு போகலாம். போகும்போது சாப்பிடுகிற மாத்திரைகளையும் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.