கைப்பிடி விரிசலுக்கு நான் கண்ட வழி

பொது மண்பாண்டக் கூடத்தில் நான் வனையும் கோப்பைகளில், கைப்பிடி ஒட்டும் இடத்தில் சூளைக்குப் போகும் முன்பே மயிரிழை விரிசல் விழுந்துகொண்டிருந்தது. காரணம் உலர்த்தும் அலமாரி. மெல்லிய கைப்பிடி முந்திக் காய்ந்து சுருங்கும். கோப்பையின் உடலில் ஈரம் மிச்சமிருக்கும். காயும்போதே களிமண் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கக்கூடியது. அந்த இழுவை முழுக்க ஒட்டில்தான் விழும்.

இப்போது இரண்டும் ஒரே பதத்துக்கு இறுகிய பிறகே ஒட்டுகிறேன். இருபுறமும் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, நன்றாக அழுத்திவிடுவேன். கைப்பிடிக்கு மட்டும் மெழுகுக் கரைசல்: ஈரம் மெதுவாகப் போகும், மெழுகு சூளையில் எரிந்துவிடும். மேலே தளர்வாகப் பிளாஸ்டிக் உறை. பலர் கை படும் அலமாரி என்பதால் ‘திறக்க வேண்டாம்’ என்று தேதியோடு சீட்டும் ஒட்டுகிறேன். மெழுகைவிட இதுதான் அதிகம் உதவியது.