டாலரைத் தாய்லாந்துப் பணமான பாத்தாக மாற்றப் போகிறீர்களா? அடித்தளத்துக்கு இறங்குங்கள்

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கண்ணில் படுகிற கவுன்ட்டரில் மொத்தப் பணத்தையும் நீட்டிவிடாதீர்கள். அங்கே ரேட் குறைவு. எஸ்கலேட்டரில் இறங்கி, நகரத்துக்கு ரயில் ஏறும் அடித்தளத்துக்குப் போனால் சூப்பர்ரிச் போன்ற தனியார் கடைகள் இருக்கும். அதே டாலருக்கு அங்கே கூடுதல் பாத் கிடைக்கும். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், கேட்பார்கள்.

ரேட் பலகையில் 'பையிங்', 'செல்லிங்' என்று இரண்டு விலை ஓடும். நம் டாலரைக் கடைக்காரர்தான் வாங்குகிறார், அதனால் நாம் பார்க்க வேண்டியது 'பையிங்'. டாலருக்கே மூன்று நான்கு வரி இருப்பதையும் கவனியுங்கள். 100 டாலர் தாளுக்குத்தான் நல்ல விலை. ஒன்று, இரண்டு டாலர் தாள்களுக்கு அடிமாட்டு விலை. எனவே ஊரில் டாலர் வாங்கும்போதே 100 தாளாக, கிறுக்கலோ கிழிசலோ இல்லாமல் கேட்டு வாங்குங்கள். ஓரம் கிழிந்த தாளைத் தயங்காமல் திருப்பித் தந்துவிடுவார்கள்.

ஏடிஎம் பக்கம் போனால் இன்னொரு செலவு. வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாத் அல்லது அதற்கு மேலும் கட்டணம் பிடிப்பார்கள். 1,000 பாத் எடுத்தாலும் அதுதான், 10,000 எடுத்தாலும் அதுதான். சில்லறையாக எடுப்பவர்களுக்குத்தான் நஷ்டம். அப்புறம், 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடலாமா?' என்று திரை கேட்கும். உதவி செய்வது போலத்தான் இருக்கும், ஆனால் அவர்கள் போடும் ரேட் மோசம். வேண்டாம் என்று அழுத்துங்கள். கடையில் கார்டு தேய்க்கும்போதும் பாத்திலேயே போடச் சொல்லுங்கள்.