பல வருடங்களுக்குப் பிறகு டிசிஎஸ்ஸுக்குத் திரும்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டர் கேமை நாலைந்து வருடம் தொடாமல் இருந்துவிட்டு மறுபடியும் அதன் ஹோர்னட் (எஃப்/ஏ-18) விமானத்தில் ஏறுகிறவர்கள் முதல் நாளே சொல்வது, "கை விட்டுப்போச்சு" என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையல்ல. விமானம் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே இருப்பதற்கும், தரையிறங்கும்போது துள்ளுவதற்கும், கேம் பாதியில் விழுவதற்கும் பழைய ஃபைல்களும் தவறான செட்டிங்குகளுமே அதிகம் காரணமாகின்றன. கையைக் குறைசொல்லும் முன் அவற்றைப் பாருங்கள்.

முதல் தவறு, பழைய ஃபோல்டரின் மேலேயே புதிய வெர்ஷனை ஓடவிடுவது. விண்டோஸின் சேவ்ட் கேம்ஸ் ஃபோல்டருக்குள் டிசிஎஸ் அல்லது டிசிஎஸ்.ஓபன்பீட்டா என்று ஒன்று இருக்கும். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டு கேமைத் திறந்தால், புதிய ஃபோல்டரை அதுவே உருவாக்கிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு பழையதிலிருந்து மிஷன்கள், லிவரிகள் (விமானங்களின் வண்ணப்பூச்சுகள்), கொன்ஃபிக்குக்குள் இருக்கும் இன்புட் (கன்ட்ரோல் செட்டிங்குகள்) ஆகிய மூன்றை மட்டும் கொப்பி பண்ணுங்கள். பழைய மொட்களையும் (மற்றவர்கள் செய்த சேர்க்கைகள்), கேமின் தகவலை வெளி மென்பொருள்களுக்கு அனுப்பும் எக்ஸ்போர்ட்.லுவா ஃபைலையும் கொண்டுவர வேண்டாம். லோடிங் திரையிலேயே கேம் விழுவதற்கு அவை அடிக்கடி காரணமாக இருக்கும். ஷேடர்கள் (காட்சிகளை வரையும் சிறு ப்ரோகிராம்கள்) புதிதாக உருவாவதால் முதல் தடவை லோட் ஆக நேரம் எடுக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள்.

சில வரைபடங்களும் விமானங்களும் சேர்ந்தாலே 200 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஃபைபர் வராத தோட்டங்களில் 4ஜி ரவுட்டரில் இதைப் பகலில் இறக்கினால் மாத டேட்டா முழுவதும் கரைந்துவிடும். இரவுக்கென்று தனி டேட்டா தரும் பெக்கேஜ் என்றால் டவுன்லோடை அந்த நேரத்தில் விடுங்கள். அப்டேட்டர் இடையில் நின்றாலும் திரும்ப ஓடவிடலாம். எல்லா வரைபடத்தையும் ஒரே மூச்சில் போடத் தேவையில்லை. கோகசஸ் இலவசம், பழகுவதற்கு அது போதும்.

அதிகம் பேரைக் குழப்புவது கன்ட்ரோல் அச்சுகள். புதிதாகச் செருகும் ஒவ்வொரு கருவிக்கும் டிசிஎஸ் தானாகவே பிட்ச் (மூக்கு மேலும் கீழும்), ரோல் (இறக்கை சாய்வது), த்ரஸ்ட் (எஞ்சின் விசை) அச்சுகளைக் கொடுத்துவிடுகிறது. ரடர் பெடல் வாங்கியிருந்தால், அதன் இரண்டு பிரேக் அச்சுகளும் ரோலுக்கும் பிட்சுக்கும் போய் உட்கார்ந்திருக்கும். நீங்கள் பிரேக்கை மிதித்தால் விமானம் புரளப் பார்க்கும். கன்ட்ரோல் பக்கத்தில் அச்சுப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கருவியின் வரிசையிலும் தேவையில்லாததைத் துடைத்துவிடுங்கள். இது விமானத்துக்கு விமானம் தனித்தனியாகச் செய்ய வேண்டிய வேலை.

பிறகு பறக்கும்போது வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்துங்கள். ஸ்டிக் எங்கே நிற்கிறது என்று திரையில் ஒரு சிறு கட்டம் காட்டும். கையை எடுத்த பிறகும் குறி நடுவில் நிற்காவிட்டால் பிழை அச்சிலோ ஜொய்ஸ்டிக்கிலோதான்.

ஜொய்ஸ்டிக் என்றதும் நம் ஊர் ஈரத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் மூடுபனி படியும் அறையில், அலுமாரிக்கு மேல் கிடந்த ஜொய்ஸ்டிக்கின் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசியும் ஈரமும் பிடித்துவிடும். அதனால்தான் அச்சு துள்ளுகிறது. இதை டெட்ஸோனைக் (நடுவில் அசைவைக் கவனிக்காமல் விடும் பகுதி) கூட்டி மறைக்கப் பார்ப்பது தவறு. நடுவில் துள்ளல் நின்றாலும் ஓரங்களில் இருக்கும், நுணுக்கமான அசைவும் போய்விடும். மின்பாகங்களுக்கான கொன்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு அடித்து, அச்சை இரு பக்கமும் பல தடவை முழுதாக அசைத்து, காயவிட்டுச் செருகிப் பாருங்கள். உரசாமல் காந்தத்தால் அளக்கும் ஹோல் சென்சர் உள்ள ஸ்டிக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அவற்றில் சிலவற்றின் திருப்பும் அச்சு மட்டும் பொட்டென்ஷியோமீட்டராக இருக்கும். பாவிக்காத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழை நேரத்தில் யூபிஎஸ் இருந்தாலும் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் விழும் மின்னலை யூபிஎஸ் தடுக்கும் என்று நம்பக்கூடாது. ரவுட்டருக்கு வரும் வயரையும் மறக்க வேண்டாம்.

இனிப் பறப்பு. ஸ்டார்ட் பண்ணும்போது அவசரத்தில் தவறுவது ஐஎன்எஸ், அதாவது விமானம் தன் இடத்தைத் தானே கணிக்கும் கருவி. குமிழை தரை நிலைக்குத் திருப்பி, பார்க்கிங் பிரேக் போட்டபடி எச்எஸ்ஐ (திசைகாட்டி வரைபடம்) பக்கத்தில் தர எண் 0.5க்கு இறங்கி 'ஓகே' வரும்வரை நகரவே கூடாது. அதற்குமுன் நகர்ந்தால் பின்னால் வழித்தடங்கள் எல்லாம் விலகி நிற்கும். ஒட்சிசன் தரும் ஓபிஓஜிஎஸ் சுவிட்சை மறந்தால் மேலே போனதும் திரை இருளும்; கிராபிக்ஸ் கார்டைத் திட்டாதீர்கள், விமானிக்கு ஒட்சிசன் இல்லை.

தரையிறக்கத்தில் பெரும்பாலானோர் ஸ்டிக்கால் ஓடுபாதையைத் துரத்துகிறார்கள். ஹோர்னட்டில் கியரும் முழு ஃப்ளாப்பும் இறங்கிய பிறகு, ட்ரிம் (ஸ்டிக்கைப் பிடிக்காமலே நிலையை வைத்திருக்கும் செட்டிங்) தாக்குகோணத்தை, அதாவது இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணத்தைப் பிடித்துவைக்கும். 8.1 பாகை வரும்வரை, அதாவது முன்திரையில் விமானம் போகும் திசையைக் காட்டும் குறி, ஆங்கில E போன்ற அடைப்பின் நடுவில் உட்காரும்வரை ட்ரிம் பண்ணிவிட்டு, மூக்கை அதன் பாட்டில் விடுங்கள். இறங்கும் வேகத்தை த்ரொட்டிலால் மட்டும் கூட்டிக் குறையுங்கள், சின்னச்சின்ன அசைவாக. கப்பலில் இறங்குவதானால் எடை 34,000 இறாத்தலுக்குக் கீழே இருக்கிறதா என்று செக்லிஸ்ட் பக்கத்தில் பாருங்கள்; கூடினால் எரிபொருளைக் கொட்டுங்கள்.

ரேடியோ வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடும் அடிக்கடி வரும். எளிய தொடர்பாடல் செட்டிங் அணைந்திருந்தால், தரையில் வேலை செய்யும் பொதுவான விசை வானத்தில் வேலை செய்யாது. கொம் 1, கொம் 2 பட்டன்களைத் தனியாகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய ஏவுதூரங்களை நம்பி நேரே சேர்வருக்குப் போக வேண்டாம். எய்ம்-120 போன்ற வான்-வான் ஏவுகணைகளின் பறப்பு முறை இடையில் திருத்தப்பட்டிருக்கிறது. மிஷன் எடிட்டரில் எதிரே ஒரு விமானத்தை வைத்து, ஒரே உயரத்தில் 30, 25, 20 கடல்மைலில் சுட்டுப் பாருங்கள். அடுத்து எதிரியைத் திரும்பி ஓடவிட்டு அதே தூரங்களில் மறுபடி சுடுங்கள். எந்தத் தூரத்தில் ஏவுகணை வேகம் இழந்து பின்தங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு சேர்வருக்குப் போங்கள்.