அலர்ஜி ஊசியை பீரோவில் பூட்டாதீர்கள்: பள்ளி, மண்டபம், மில் நடத்துகிறவர்களுக்கு

கொங்கு நாட்டில் கல்லக்காயை, அதாவது நிலக்கடலையைத் தவிர்த்து ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள், கஷ்டம் தெரியும். சட்னியில் அதுதான், உருண்டையில் அதுதான், பல வீடுகளில் தாளிப்பே செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில்தான். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் கடலையின் புரதம் அநேகமாக இருக்காது, செக்கெண்ணெயில் இருக்கும். அதனால் கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றல்ல என்று சமையல்காரருக்குத் தெரிய வேண்டும். இது போக தென்னந்தோப்பில் குளவியும் மலைத்தேனீயும் கொட்டி முகம் வீங்கி, தலை சுற்றி விழுகிறவர்களும் உண்டு.

இந்த மாதிரிக் கடுமையான அலர்ஜிக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. அவில், செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைகள் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். அடைக்கிற தொண்டையைத் திறக்கவோ இறங்குகிற பிரஷரைத் தூக்கவோ அவற்றால் முடியாது. காணாக்கடி (எது கடித்தது என்று தெரியாத கடி) என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகிற நேரமும், "ஒரு மாத்திரை போட்டுப் பார்க்கலாங்க" என்று காத்திருக்கிற நேரமும்தான் ஆளைக் கொல்லும்.

முதலில் மருந்து யாருடையது என்று தெளிவாக இருக்கட்டும். இங்கிலாந்தில் 2017 அக்டோபரிலிருந்து பள்ளிகளே டாக்டர் சீட்டு இல்லாமல் உபரி அட்ரினலின் பேனா (தொடையில் அழுத்தினால் மருந்து தானே இறங்கும் ஊசி) வாங்கி வைக்கலாம். நம்மூரில் அப்படி நினைத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போகாதீர்கள். இங்கே டாக்டர் அந்த ஆளுக்கென்று எழுதித் தருவதைத்தான் வைத்திருக்க முடியும். அந்தப் பேனா கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். அதனால் சில டாக்டர்கள் ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் கொடுத்து வீட்டில் ஒருவருக்குப் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆம்பூலை உடைத்து அளவு எடுப்பது பழகாத கைக்கு ஆகாது. பள்ளியில் ஆம்பூல் இருந்தால், அதைப் போடப் பழகிய நர்ஸோ வேறு ஒருவரோ தினமும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள், இல்லையென்றால் பேனாவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி டாக்டரிடமே பேசுங்கள். பேனா பொதுவாக 15 முதல் 30 கிலோ வரை 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி.; பிள்ளை வளர வளர இதையும் மாற்ற வேண்டியிருக்கும், டாக்டரிடம் எடை சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைக்கிற இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஹெட்மாஸ்டர் ரூம் பீரோவில் பூட்டி, சாவி அவர் இடுப்பில், அவர் மீட்டிங்கிற்கு ஈரோடு போயிருப்பார். பூட்டே வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரம், பெரியவர்களுக்குக் கண்ணில் படுகிற இடம், பெயரும் போட்டோவும் டாக்டர் எழுதிய குறிப்பும் ஒரே டப்பாவில் (போட்டோ ஒட்டப் பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). எப்போதும் இரண்டு டோஸ். விளையாட்டு மைதானத்துக்குப் போனால் டப்பாவும் போகட்டும். டூர் போகும்போது பிள்ளை ஒரு பஸ்ஸிலும் மருந்து இன்னொரு பஸ்ஸிலும் போகக் கூடாது. வால்பாறை போகிறீர்கள் என்றால் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஆம்புலன்ஸ் அதில் ஏறித்தான் வரணும்.

அப்புறம் வெயில். 20 முதல் 25 டிகிரியில் வைக்க வேண்டிய மருந்து இது, கொஞ்ச நேரத்துக்கு 30 வரை தாங்கும். சித்திரையில் கரூர்ப் பக்கம் பைக் டிக்கிக்குள்ளும் கார் டேஷ்போர்டிலும் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்காக ஃபிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், அதுவும் ஆகாது. இன்சுலின் பை மாதிரி ஒன்றில், ஐஸ் நேராகப் படாமல், வெளிச்சம் படாமல் இருந்தால் போதும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்: மருந்து தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும், பழுப்போ இளஞ்சிவப்போ தட்டினால், தூசி மிதந்தால், தேதி முடிந்தால், மாற்றுங்கள்.

எப்போது போடுவது? கடித்த பிறகோ சாப்பிட்ட பிறகோ உடம்பெல்லாம் தடிப்பு வந்து, கூடவே மூச்சு இழுத்தாலும், குரல் கம்மினாலும், நாக்கு வீங்கினாலும், திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலும், மயக்கம் தட்டினாலும் போடலாம். தோலில் ஒன்றுமே தெரியாமலும் வரும், அதனால் தடிப்புக்காகக் காத்திருக்காதீர்கள். சந்தேகமா, போடுங்கள். அலர்ஜி இருக்கிறது என்று தெரிந்த ஆளுக்கு, அவருக்கென்று எழுதிய ஒரு டோஸைப் போடுவதைவிடப் போடாமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

தொடையின் வெளிப்பக்கம், நடுவில். பேன்ட் மேலேயே போடலாம். பாக்கெட்டில் சாவி, போன் இருந்தால் தள்ளிவிடுங்கள், சேலை மடிப்பு நாலைந்து இருந்தால் விலக்குங்கள். மூடியைக் கழற்றி, கட்டைவிரலை எந்த முனையிலும் வைக்காமல் (ஊசி விரலில் இறங்கிவிட்டால் அதற்கும் ஆஸ்பத்திரிதான்), க்ளிக் கேட்கிற வரை அழுத்தி, பேனாவில் எழுதியிருக்கிற அளவு நொடி பிடியுங்கள். சிலதில் 3, சிலதில் 10. பிள்ளைக்குப் போடும்போது காலை இன்னொருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

அதே நேரத்தில் வேறொருவர் 108-க்கு அடித்து, மண்டபப் பெயரோடு எந்த பைபாஸ், எந்த பெட்ரோல் பங்க் பக்கம் என்று சொல்லி, வாசலில் போய் நிற்கட்டும். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு திணறினால் சாய்ந்து உட்காரலாம், கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். "பரவாயில்லைங்க, சரியாயிடுச்சு" என்று எழுந்து நடக்க விடாதீர்கள், அந்த எழுந்திருப்பதிலேயே பிரஷர் விழுந்து போனவர்கள் உண்டு. 5 நிமிடம் ஆகியும் தேறவில்லையென்றால் இரண்டாவது டோஸ். ஆஸ்துமாக்காரர்களின் இன்ஹேலர் ஊசிக்குப் பிறகுதான், ஊசிக்குப் பதிலாக இல்லை.

நன்றாகத் தேறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும், சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை வரக்கூடும். போட்ட நேரத்தைப் பேனா மேலேயே எழுதி 108 ஆட்களிடம் கொடுங்கள், ஊசியைக் குப்பையில் போட வேண்டாம். அன்றே பெற்றோரிடம் சொல்லி டப்பாவில் புது டோஸ் வந்து சேருகிற வரை அந்தப் பிள்ளைக்குக் கேன்டீன் பலகாரம் கிடையாது, வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்.